கம்ப்யூட்டரில் ஏறிய முதல் பெயர்

திரையில் பச்சை எழுத்தில் ஒரு கேள்வி நின்று மினுக்கிக்கொண்டிருந்தது. இவர் செய்த குற்றம் என்ன?

ஏட்டு பால்வண்ணநாதனுக்கு வேர்த்துக் கொட்டியது. வெளியே குற்றாலச் சாரல் ஊரையே குளிப்பாட்டிக்கொண்டிருக்க, அவருக்கு மட்டும் சித்திரை வெயில்.

“ஒரு குத்தமும் செய்யலையே, பாவம்” என்று மெஷினிடம் வாய்விட்டே சொன்னார்.

மெஷின் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. குற்றத்தைச் சொல்லாமல் அடுத்த கட்டத்துக்கு விடமாட்டேன் என்று ‘பீப்’ அடித்தது.

விஷயம் இதுதான். 1988-ம் வருஷ சீசனுக்குக் குற்றாலத்தில் ஒரு சத்திரத்தின் முன்னறையில் தற்காலிகமாகப் போலீஸ் முகாம் போட்டிருந்தார்கள். சோதனை முறையில் அதற்கு ஒரு கம்ப்யூட்டரும் வந்து இறங்கியிருந்தது. பழைய திருடர்களின் பெயர், ஊர், அங்க அடையாளம் எல்லாவற்றையும் அதற்குள் ஏற்றிவிட்டால், அருவிக்கரையில் எவன் சங்கிலியை அறுத்தாலும் மெஷினே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும் என்று மேலிடத்தில் ஒரு நம்பிக்கை. முகாமில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் என்பதால் பால்வண்ணநாதனை மெட்ராசுக்கு அனுப்பிப் பத்து நாள் பயிற்சியும் கொடுத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்புப் போடக்கூடாது. இன்ஸ்பெக்டரே பூட்ஸைக் கழற்றிவிட்டு, கிழிந்த சாக்ஸோடுதான் உள்ளே வருவார்.

அன்று புதன்கிழமை காலை. நல்ல நேரம் பார்த்து, மெஷினுக்கு மூன்று இடத்தில் சந்தனம் வைத்து, குங்குமம் தொட்டு, வேலையைத் தொடங்கினார்கள். பால்வண்ணநாதன் ஒரு பிக்பாக்கெட்டின் பெயரை அடிக்கப் போனார். இன்ஸ்பெக்டர் லட்சுமிநாராயணன் பதறிவிட்டார்.

“ஏன்வே, புது மெஷின்ல முத முதல்ல களவாணிப்பய பேரையா ஏத்துவீரு? விளங்குமா இது?”

“அப்போ பிள்ளையாருன்னு போடட்டுமா ஐயா?”

“சாமி பேரைக் கேடி லிஸ்ட்ல போடச் சொல்லுதீரா? புத்தி எங்கவே போச்சு? யாராவது ஒரு நல்ல மனுஷன் பேரா முதல்ல போடும். அப்புறம் அழிச்சுக்கிடலாம்.”

புதுப் பேரேட்டில் மஞ்சள் தடவி நல்ல வார்த்தை எழுதித்தான் கணக்கைத் தொடங்குவது அந்தப் பக்கத்து வழக்கம். போலீஸ் ஸ்டேஷன் மட்டும் அதற்கு விதிவிலக்கா?

“அப்போ ஐயா பேரையே போடட்டுமா?” என்றார் பால்வண்ணநாதன்.

இன்ஸ்பெக்டர் ஒரு நிமிஷம் யோசித்தார். “என் பேரு வேண்டாம்வே. வேற யாராவது நல்லவங்க பேரு இருக்கும்லா” என்று சொல்லிவிட்டு ரவுண்ட்ஸ் கிளம்பிவிட்டார்.

நல்ல மனிதர் என்றதும் பால்வண்ணநாதன் மனசில் சட்டென்று வந்து நின்றவர் குத்தாலிங்கம். இலத்தூரில் பிறந்து, முப்பது வருஷத்துக்கு முன்னால் பம்பாய்க்குப் போய் அமோகமாக இருப்பவர். அவர் மகனுக்குத்தான் பால்வண்ணநாதனின் மகள் நீலாவைப் பேசியிருந்தது. வெள்ளிக்கிழமை மேலகரத்தில் இவர் வீட்டில் நிச்சயதார்த்தம். ஒரு ஏட்டு வீட்டுக்குப் பம்பாய்ச் சம்பந்தம் தானாகத் தேடி வந்ததில் அவருக்கு இன்னும் கால் தரையில் பாவவில்லை. நீலாவுக்கு இருபத்தாறு முடிந்துவிட்டது. இதற்கு முன் மூன்று வரன் வந்து, பஜ்ஜியைத் தின்றுவிட்டு, கடுதாசி போடுகிறோம் என்று போனவர்கள்தான்.

‘நம்ம சம்பந்தியைவிட நல்லவர் உண்டா?’ என்று பக்தியோடு பெயரை அடித்தார். தகப்பனார் பெயர், சொந்த ஊர், வயசு என்று மெஷின் வரிசையாகக் கேட்டது. எல்லாம் ஜாதகத்தோடு வந்த விவரம்தானே, பூரிப்போடு அடித்துக்கொண்டே போனார். அங்க அடையாளம் கேட்டது. பெண் பார்க்க வந்தபோது பார்த்த இடது புருவத்து மச்சத்தை விடாமல் அடித்தார்.

அதற்கு அப்புறம்தான் அந்தக் கேள்வி.

மெஷினில் இருந்தது ஒரே ஒரு பதிவேடு. கேடிகளின் பதிவேடு. அதில் நல்லவர்களுக்குத் தனிக்கட்டம் கிடையாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒன்று முதல் ஒன்பது வரை ஏதாவது ஓர் எண்ணை அடித்தாக வேண்டும். எந்த எண் எந்தக் குற்றம் என்ற தாள் இன்ஸ்பெக்டர் பையில் போய்விட்டது.

ஒன்று என்பது கொலையாகத்தான் இருக்கும், ஒன்பது என்றால் சைக்கிளில் லைட் இல்லாமல் போனதாக இருக்கும் என்று அவராக ஒரு கணக்குப் போட்டு, ஒன்பதைத் தட்டினார்.

‘பல மாநிலங்களில் தேடப்படும் மோசடிப் பேர்வழி’ என்று இங்கிலீஷில் எழுதி, பெயரை வாங்கிப் போட்டுக்கொண்டது மெஷின்.

பால்வண்ணநாதன் எழுந்தே நின்றுவிட்டார். அழித்துவிட வேண்டியதுதான். எப்படி அழிப்பது என்பது பத்தாவது நாள் பாடம். பத்தாவது நாளன்று அவர் பயிற்சியில் இல்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்று லீவு சொல்லிவிட்டு ரயிலேறி ஊருக்கு வந்துவிட்டார். பெண் பார்க்க வந்தவர் இந்தக் குத்தாலிங்கம்தான்.

‘அதே பெயரை அடித்து, குற்றத்துக்கு அதே ஒன்பதைத் தட்டி, மற்ற கட்டத்திலெல்லாம் புள்ளி வைத்தால் பழசு போய்விடும்’ என்று தோன்றியது. வைத்தார். பழசு போகவில்லை. குத்தாலிங்கம் இரண்டாவது வழக்கிலும் சேர்ந்தார். பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் முளைத்தது. பதறிப்போய் இன்னொரு தடவை முயன்றதில் மூன்று வழக்கும் இரண்டு நட்சத்திரமும் ஆகிவிட்டன.

மெட்ராஸ் பயிற்சி ஆசிரியருக்கு டிரங்க்கால் போட்டார். இரண்டு மணி நேரம் கழித்து லைன் கிடைத்தது.

“சார், ஏத்துன பேரை அழிக்கிறது எப்படி?”

“பத்தாம் நாள் சொன்னேனே? ரைட்டரால அழிக்க முடியாதுன்னு. அதுதானே அன்னைக்குப் பாடமே! மேலதிகாரி கையெழுத்தோட மூணு நகல்ல காரணம் எழுதி அனுப்புங்க. ஒரு மாசத்துல பாக்கலாம்.”

ஒரு மாதம்! நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் இரண்டே நாள். பால்வண்ணநாதன் அடுத்த உபாயத்துக்குப் போனார். அசல் திருடர்களாக ஏற்றித் தள்ளினால் சம்பந்தி பெயர் அடியில் போய் அமுங்கிவிடும் அல்லவா? சாப்பாட்டையும் மறந்து எண்பத்து நாலு திருடர்களை ஏற்றினார். விரல் நுனி வீங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார்.

“பிரமாதம்வே! பெரிய கேடியா பத்துப் பேரை எடுத்து அறுபது காப்பி அடியும். எல்லா லாட்ஜ்லயும் ஒட்டிருவோம்.”

மெஷின் வழக்கு எண்ணிக்கையைப் பார்த்து வரிசைப்படுத்தியது. எண்பத்து நாலு திருடர்களுக்கும் ஆளுக்கு ஒரு வழக்குத்தான் ஏறியிருந்தது. அச்சு இயந்திரம் கறகறவென்று தாளைக் கக்கியது. முதல் வரியில், இரண்டு நட்சத்திரத்தோடு, இலத்தூர் குத்தாலிங்கம்.

“யாருவே இவன்? மூணு கேசு! பல மாநிலம்! இப்படி ஒருத்தன் நம்ம ஏரியாவுல இருக்கான்னு எனக்கே தெரியலையே!” இன்ஸ்பெக்டரின் கண் அகல விரிந்தது.

“ஐயா, அது தப்பா ஏறிட்டு…”

“மெஷின் தப்பே பண்ணாதுன்னு மேல சொல்லியிருக்காகவே.”

வேறு வழியில்லை. பால்வண்ணநாதன் உண்மையைக் கக்கிவிட்டார். “ஐயா, அவரு எங்க சம்பந்தி. நீங்க நல்ல மனுஷன் பேராப் போடச் சொன்னீகள்லா…”

இன்ஸ்பெக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பார்வையில் அதிர்ச்சி மாறி இரக்கம் வந்தது.

“சம்பந்தியா? அதான் காலையில இருந்து மென்னு முழுங்குதீரா? சொந்தக்காரன்னு மறைக்கப் பாத்தீரு, மெஷின் காட்டிக் குடுத்திட்டு.”

“ஐயோ ஐயா, சத்தியமா அப்படி இல்ல!”

“உம்ம கஷ்டம் எனக்குப் புரியுதுவே. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா? ஆளு வந்ததும் நீரே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துரும். சம்பந்தின்னும் பாக்காம கடமையைச் செஞ்சாருன்னு மேல உம்மைப் பத்தி நாலு வார்த்தை எழுதுதேன்.”

பால்வண்ணநாதன் தாள்களைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று திரும்பினார். கான்ஸ்டபிள் பேச்சிமுத்து அதற்குள் அறுபது தாளையும் பசைச்சட்டியையும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் பறந்துவிட்டான். எந்த வேலையையும் பாதியில் விடுகிற பேச்சிமுத்து, அன்றைக்கென்று பார்த்து ஒரு சுவர் பாக்கி வைக்காமல் ஒட்டிவிட்டு வந்து, “அறுபதும் காலி ஏட்டையா!” என்று சல்யூட் அடித்தான்.

மறுநாள் காலை மேலகரம் வீட்டில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்த பார்வதியம்மாளிடம், பால்வண்ணநாதன் விஷயத்தைச் சொன்னார். அவள் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னது! சம்பந்தியைக் கேடியாக்கிட்டியளா?”

“நல்லவருன்னுதான்ட்டி போட்டேன்.”

“உங்க பேரைப் போட வேண்டியதுதானே?”

அவர் ஒரு முறுக்கை எடுத்து, கடிக்காமல் திரும்ப வைத்தார்.

“அவுக இன்னைக்கு மத்தியானம் வந்து குத்தாலத்துலதான் தங்குதாக. சுவத்துல தன் பேரைப் பாத்தாகன்னா மறு பஸ்ஸுல போயிருவாக. அப்புறம் நீலாவை யாரு எடுப்பா? போலீஸ்காரன் வீட்டுல பொண்ணு கேட்டா சம்பந்தியை லிஸ்ட்ல போட்டுருவான்னு ஊரே சொல்லாதா?” என்று அழுதாள். பிறகு சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள். “போங்க. ஒரு இடம் விடாம அந்தப் பேரை மட்டும் வெட்டி எடுத்திட்டு வாங்க.”

நல்ல யோசனையாகத்தான் பட்டது. பால்வண்ணநாதன் சாரலில் நனைந்துகொண்டே லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கினார். ஒவ்வொரு தாளிலும் முதல் வரியை மட்டும் நறுக்கி எடுத்துச் சட்டைப் பைக்குள் திணித்தார். ஒட்டியபோது அந்தத் தாளை ஒருத்தரும் திரும்பிப் பார்த்திருக்கவில்லை. கிழிந்த சினிமா போஸ்டருக்கு இருக்கிற மரியாதைகூட அதற்கு இல்லை. ஆனால் போலீஸ் ஏட்டே கத்தரிக்கோலும் கையுமாக வந்து, ஒரே ஒரு பெயரை மட்டும் வெட்டிக்கொண்டு ஓடுகிறார் என்றால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா?

“யாரு பேரு அண்ணாச்சி அது?” என்று கேட்டார் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்.

“ஒருத்தர் பேரும் இல்ல.”

“ஒருத்தர் பேரும் இல்லைன்னா ஏன் வெட்டணும்?”

வெட்டாமல் மிச்சமிருந்த தாள்களை நோக்கிக் கூட்டம் இவருக்கு முன்னால் ஓடியது. மத்தியானத்துக்குள் குற்றாலம் கடைத்தெருவில் மற்ற ஒன்பது கேடிகளை ஒருவருக்கும் தெரியாது. இலத்தூர் குத்தாலிங்கத்தையும் அவருடைய இடது புருவத்து மச்சத்தையும் தெரியாதவர்கள் கிடையாது. மங்குஸ்தான் விற்கிற பெண்கூட வாங்க வருகிறவர்களின் புருவத்தைப் பார்த்துவிட்டுத்தான் எடை போட்டாள்.

மூன்று மணிக்கு முகாமின் டெலிபோன் அடித்தது. ஐந்தருவி ரோட்டு லாட்ஜ் மேனேஜர் மைதீன் பேசினார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். ஆனால் தாழ்த்தின குரலே தெருமுனை வரை கேட்கும்.

“ஏட்டையா, நீங்க வெட்டுன பேரு இங்கன இருக்கு.”

“என்னது!”

“பன்னெண்டாம் நம்பர் ரூம். மச்சத்தைச் சரி பாத்துட்டேன். சம்சாரம் அருவிக்குக் குளிக்கப் போயிருக்காக. மெஷின் லிஸ்ட்ல உம்ம பேரு இருக்குன்னு சொல்லி, ஆளை மட்டும் உள்ள வச்சு வெளியே பூட்டிட்டேன். நமக்கும் ஒரு கடமை இருக்குல்லா?”

பால்வண்ணநாதன் தொப்பியைக்கூட எடுக்காமல் ஓடினார். லாட்ஜ் வாசலில் இருபது பேர் குடை பிடித்துக்கொண்டு திருடனைப் பார்க்க நின்றார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு மாடியேறி, மைதீன் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிக் கதவைத் திறந்தார்.

பட்டு ஜிப்பாவோடு குத்தாலிங்கம் ஜன்னலை ஒட்டிப் போட்ட நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். கையில் தோல் பெட்டி. முகத்தில் ரத்தமே இல்லை.

“சம்பந்தி! என்ன இது?”

குத்தாலிங்கம் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “குரங்கு அண்ணாச்சி. குரங்கு வந்து பெட்டியைத் தூக்கிட்டுப் போயிரும்னு மேல ஏறி நின்னேன்.”

குற்றாலத்துக் குரங்கு அப்படிப்பட்டதுதான். பால்வண்ணநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. பம்பாயிலிருந்து வந்த பெரிய மனிதர், என் மடத்தனத்தால் ஒரு அறையில் அடைபட்டு, குரங்குக்குப் பயந்து நிற்கிறாரே! தடாலென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என்னை மன்னிச்சிருங்க. எல்லாம் என்னால வந்த வினை.”

குத்தாலிங்கத்தின் கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது. “அந்த மெஷின்ல என் பேரு… பம்பாயில இருந்து அனுப்புனாகளா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“பம்பாயாவது ஒண்ணாவது! நான்தான் போட்டேன். புது மெஷின்ல முத முதல்ல நல்லவங்க பேரைப் போடணும்னு இன்ஸ்பெக்டர் சொன்னாரு. எனக்கு உங்களைத் தவிர வேற ஒருத்தரும் தோணலை. அதுல கேடிக்கு மட்டும்தான் இடம்னு எனக்குத் தெரியாமப் போச்சு.”

“நீங்களாப் போட்டதுதானா?”

“நானேதான்.”

“வேற எங்கயும் இருந்து ஒரு தகவலும் வரலையே?”

“எங்க இருந்து வரும் சம்பந்தி? அந்த மெஷினுக்கு மேலகரமே தெரியாது.”

குத்தாலிங்கம் நாற்காலியிலிருந்து இறங்கினார். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பெரிய மூச்சு ஒன்றை விட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு, கீழே குடை பிடித்து நின்றவர்களெல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“இதுக்குப் போயா இப்படி வேர்த்து ஓடி வந்திய? மனுஷன்னா தப்பு பண்ணத்தான் செய்வான் அண்ணாச்சி. நான் ஒண்ணும் மனசுல வைக்கலை. நாளைக்கு நிச்சயதார்த்தம் ஜாம்ஜாம்னு நடக்கும். உங்க இன்ஸ்பெக்டரையும் கூட்டிட்டு வாங்க, நானே எடுத்துச் சொல்லுதேன்.”

இப்படியும் ஒரு மனிதரா! வேறு எந்தச் சம்பந்தியாக இருந்தாலும் இந்நேரம் தாம்பாளத்தைத் தெருவில் வீசியிருப்பார். பால்வண்ணநாதன் அழுதே விட்டார். நீலா கொடுத்து வைத்தவள் என்று வாய்விட்டுச் சொன்னார். மெஷினில் முதலில் யார் பெயரைப் போட வேண்டுமோ அவர் பெயரைத்தான் போட்டிருக்கிறோம் என்று அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

“நான் ஒரு குளியல் போட்டுட்டு வாரேன். நீங்க காப்பி சாப்பிடாமப் போகக்கூடாது” என்று குத்தாலிங்கம் பாட்டுப் பாடிக்கொண்டே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பால்வண்ணநாதன் வராந்தாவுக்கு வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். இரண்டு நாளில் முதல் தடவையாகச் சாரல் குளிர்ச்சியாகப் பட்டது. கீழே மைதீன் கூட்டத்தைக் கலைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது மாடிப்படியில் குழல்வாய்மொழி ஏறி வந்தாள். குத்தாலிங்கத்தின் மனைவி. அருவியில் குளித்த ஈரத்தலையைத் துண்டால் சுற்றியிருந்தாள். அவள் கையில் சுவரிலிருந்து உரித்த தாள் ஒன்று சொதசொதவென்று இருந்தது. பெண்கள் உடை மாற்றும் அறையில் ஒட்டியிருந்த தாள் அது. அந்தப் பக்கம் கத்தரிக்கோலோடு நுழையப் பால்வண்ணநாதனுக்குத் துணிச்சல் வந்திருக்கவில்லை.

“மதினி, அது வந்து…” என்று அவர் பதறினார்.

அவள் குளியலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவர் அருகில் வந்து, குரலைத் தாழ்த்தி, மிகுந்த மனவருத்தத்தோடு சொன்னாள்:

“என்ன அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டிய, போலீஸ் வீட்டுல சம்பந்தம் வச்சுக்கிட்டா இனிமே எந்த ஊரு லிஸ்ட்லயும் இவுக பேரு வராதுன்னு நம்பித்தானே அம்புட்டுத் தூரத்துல இருந்து உங்க பொண்ணைத் தேடி வந்தோம்!”